பூட்டு சாரின் ரகசியச் சொல்

“தொழில்முறைக் கண்காணிப்பு” என்று விற்பனைப் பிரதிநிதி ஆரம்பித்ததும் பூட்டு சார் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். ஓரத்தில் விரலளவு இடைவெளி தெரிந்தது. அதையும் ஒரு துணிக் கிளிப் மாட்டி அடைத்தார். அப்புறம்தான் வந்து உட்கார்ந்து, “இப்ப சொல்லுங்க. மெதுவா” என்றார்.

“யாராவது தூங்குறாங்களா சார்?”

“இல்ல. எதிர்வீட்ல முழிச்சிருக்காங்க.”

எதிர்வீட்டு மாடி ஜன்னலோரம் ஒரு பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருப்பாள். பாட்டுக் கேட்கிற சாக்கில் தன் வீட்டை நோட்டம் விடுகிறாள் என்று பூட்டு சார் தீர்ப்பு எழுதியிருந்தார். விசாரணை எதுவும் நடக்கவில்லை, தீர்ப்பு மட்டும்தான். தெருவில் அவள் எதிர்ப்பட்டுச் சிரித்தால் இவர் உடனே வானத்தைப் பார்ப்பார். அவள் குடிவந்த நாள் முதல் இன்றுவரை இவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பூட்டு சார் என்பது தெரு வைத்த பெயர். அவருக்கு வேலை ஒரு பாட்டில் மூடித் தொழிற்சாலையில், தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. மூடியைத் திருகிப் பார்ப்பார், இழுத்துப் பார்ப்பார், பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு சொட்டாவது கசிகிறதா என்று பார்ப்பார். வீட்டை அப்படிக் கவிழ்க்க முடியாதது அவருக்கு ஒரு பெரிய குறை. அதற்கு ஈடாகத்தான் வாசல் பூட்டைப் பிடித்து இழுப்பார். தெருமுனைவரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார். பூட்டுக்கு வாய் இருந்தால் அழுதிருக்கும்.

அவர் மனைவிக்கு வேறு கவலை. மகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போகவேண்டிய ஊர். டிக்கெட் எடுத்து, பெட்டி கட்டி, கட்டிய பெட்டியை நாலு தடவை பிரித்து மறுபடி கட்டியும் ஆயிற்று. ஆனால் டிக்கெட்டை நம்பி ரயில் ஏறிவிட முடியாது. மகள் பட்டம் வாங்கிய விழாவுக்குக் கிளம்பிப் பாதி வழியில், ‘பின்கதவைப் பூட்டினோமா?’ என்ற சந்தேகத்தில் திரும்பி வந்த குடும்பம் அது. பின்கதவு நன்றாகத்தான் பூட்டியிருந்தது. மகள்தான் மேடையிலிருந்து காலி நாற்காலிகளைப் பார்த்து அழுதாள்.

“ஏங்க, எதிர்வீட்டுத் தங்கச்சிகிட்ட சாவியைக் குடுத்துட்டுப் போயிரலாம்” என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டார். “அவளே வலிய வந்து கேட்டா. எந்நேரமும் ஜன்னல்லதான் இருக்கா. நம்ம வீட்ட நல்லாப் பாத்துக்குவா.”

“அதத்தான் நானும் சொல்றேன். ரொம்ப நல்லாப் பாக்குறா!”

ஆகவே பூட்டு சார் முதலில் தானே ஒரு காமிரா வாங்கி ஹாலில் மாட்டினார். தெரியாத முகம் வந்தால் அது போனுக்குத் தகவல் அனுப்பும். தன் முகத்தைப் பலவிதமாகக் காட்டிப் பதிவு செய்தார். மனைவியின் முகத்தைப் பதிய மறந்துவிட்டார். மறுநாள் தொழிற்சாலைக் கூட்டத்தில் முதலாளி பேசிக்கொண்டிருக்கும்போது, “வீட்டில் அந்நியர்! வீட்டில் அந்நியர்!” என்று போன் அலறியது. பூட்டு சார் வெளியே ஓடிவந்து வீட்டுக்கு போன் போட்டார்.

“ஹால்ல யாரோ நிக்குறாங்க!”

“நான்தான் நிக்குறேன்.”

“உன்ன ஏதாவது பண்ணிட்டாங்களா?”

காமிரா போய் சைரன் வந்தது. ஏதாவது அசைந்தால் போதும், ஊரைக் கூட்டும். மின்விசிறிக் காற்றில் திரை அசைந்தது. முதல் தடவை தெருவே திரண்டு வந்தது. அடுத்த தடவை பாதித் தெரு வந்தது. அதற்கப்புறம் படபடவென்று ஜன்னல்களைச் சாத்தும் சத்தம் மட்டும்தான் வந்தது. எதிர்வீட்டுப் பெண் மட்டும் ஒவ்வொரு முறையும் பதறி எட்டிப் பார்த்தாள். ‘பார்த்தாயா, வேவு!’ என்று பூட்டு சாரின் சந்தேகம் கெட்டிப்பட்டது.

அப்படித்தான் இந்தப் பிரதிநிதி வந்து சேர்ந்தார்.

“இன்னொரு கம்பெனியில எல்லாத்தையும் மெஷினே பாத்துக்குமாமே?” என்று கேட்டார் பூட்டு சார்.

“மெஷின் பாக்கும் சார். புரிஞ்சுக்குமா? நம்மகிட்ட பாக்குறது மனுஷங்க. பயிற்சி எடுத்தவங்க.”

“யாரு அவங்க? எங்க இருப்பாங்க?”

“அத யாருக்கும் சொல்ல மாட்டோம் சார். பேரே கிடையாது, நம்பர்தான். இந்த ஏரியாவுக்கு மட்டும் தனியா ஒருத்தர். பதினேழாம் எண். குரலக்கூட மாத்தித்தான் அனுப்புவோம்.”

“எனக்குக்கூடத் தெரியாதா?”

“உங்களுக்குக்கூடத் தெரியாது.”

பூட்டு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. யார் என்றே தெரியாத ஒருவர் இருபத்துநாலு மணி நேரமும் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பதைவிட ஒரு மனிதனுக்கு வேறென்ன நிம்மதி வேண்டும்? தெரிந்த ஒருத்தி பார்ப்பதில்தானே ஆபத்து!

பிரதிநிதி அன்றைக்கே எல்லாவற்றையும் மாட்டினார். வாசலுக்கு மேலே ஒரு காமிரா, அதற்குக் கீழே ஒரு ஒலிபெருக்கி, கதவில் அதிர்வைக் கண்டுபிடிக்கும் ஒரு சின்னக் கருவி. “யாராவது கதவப் புடிச்சு ஆட்டினாலோ, பூட்ட இழுத்தாலோ சைரன் அடிக்கும், பதினேழுக்குத் தகவல் போயிரும். ஒலிபெருக்கியில ரகசியச் சொல் கேப்பாங்க. சரியாச் சொல்லலைன்னா ரோந்து வண்டி வந்துரும். குழந்தை பேரு, பொறந்த ஊருன்னு சுலபமா ஏதாவது வச்சுக்குங்க சார்.”

“எனக்குச் சுலபம்னா திருடனுக்கும் சுலபம்தானே?”

“சரி சார். ஆனா காமிராவுல முகத்தப் பாத்து நீங்கதான்னு தெரிஞ்சா விட்டுறலாம்ல?”

“கூடவே கூடாது. என்னை மாதிரி முகமூடி மாட்டிக்கிட்டு வந்தா?”

உலகத்தில் எந்தத் திருடன் மெனக்கெட்டு அந்த முகத்தை மாட்டிக்கொண்டு வருவான் என்று பிரதிநிதி கேட்கவில்லை. வியாபாரம் தெரிந்தவர். முகத்தைப் பார்த்து யாரையும் உள்ளே விடக் கூடாது என்று குறித்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே பூட்டு சாருக்குப் பெருமை தாங்கவில்லை. தொழிற்சாலையில் மூடி திருகிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. இயந்திரம் கலந்த ஒரு குரல். “வணக்கம் சார், பதினேழாம் எண் பேசுறேன். மழை வர்ற மாதிரி இருக்கு. மொட்டை மாடியில துணி காயுது. வீட்ல சொல்லிருங்க.”

பக்கத்து மேசை அதிகாரி கேட்டார். “மாடியிலயும் காமிரா வச்சிருக்கீங்களா?”

“இல்லவே இல்ல! அதுக்குப் பேருதான் தொழில்முறை!”

அந்தப் பெருமை சில நாள் நிலைத்தது. அப்புறம் மனைவி பிறக்கப்போகும் குழந்தைக்குக் குல்லாய் வாங்கக் கடைக்குப் போனார். திரும்பி வந்து, இறுகிப்போயிருந்த கதவை ஒரு தள்ளு தள்ளினார். சைரன் அலறியது. “ரகசியச் சொல்லைச் சொல்லுங்க” என்றது ஒலிபெருக்கி. மனைவிக்கு அப்படி ஒரு சொல் இருப்பதே தெரியாது. ரகசியம் என்றால் ரகசியம்தானே, பூட்டு சார் அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. மனைவி கணவருக்கு போன் போட்டார்.

“அது என்ன சொல்லுங்க?”

“போன்லயா? பக்கத்துல ஆளுங்க இருக்காங்க.”

“அப்ப நான் எப்படி உள்ள போறது?”

“சாயங்காலம் நான் வர்ற வரைக்கும் வாசல்லயே இரு. வீடு பத்திரமா இருக்கும்ல?”

ரோந்து வண்டி வந்து, அதிலிருந்த காவலாளி மனைவியைச் சொந்த வீட்டு வாசல்படியிலேயே உட்கார வைத்துக் காவல் காத்தார். வேலை முடிந்து வந்த பூட்டு சார் சொல்லைச் சொல்லி மனைவியை விடுவித்தார்.

“எதிர்வீட்டுத் தங்கச்சிதான் காபி கொண்டுவந்து குடுத்தா” என்றார் மனைவி. “கையப் புடிச்சுக்கிட்டு, ‘மன்னிச்சிருங்கக்கா’ன்னு ஒரே அழுகை. அவ எதுக்குங்க மன்னிப்புக் கேக்குறா?”

“ஏதோ பண்ணியிருக்கா. இல்லாட்டி எதுக்குக் கேக்கணும்?”

அன்றைக்குக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் மனைவியின் காதில் ரகசியச் சொல்லை ஓதினார். ஓதிய பிறகு தூக்கம் வரவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தது எப்படி ரகசியமாகும்? காலையில் சொல்லை மாற்றினார். அதற்கு மறுநாளும் மாற்றினார். பல் துலக்குவது மாதிரி தினமும் அதுவும் ஒரு வேலையாகிவிட்டது.

ஊருக்குக் கிளம்பும் நாளும் வந்தது. டாக்ஸி வாசலில் நிற்க, மகளின் கணவர் போன் செய்தார். “அத்தை, வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிட்டிருக்கோம். அம்மா எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கா.”

“இந்தா கெளம்பிட்டோம் தம்பி!” என்று சொல்லிவிட்டு, மனைவி பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் டாக்ஸியில் வைத்தார்.

பூட்டு சார் பூட்டினார். சாவியைப் பைக்குள் போட்டார். ஓரடி எடுத்து வைத்தார். அவ்வளவுதான், எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கை தன்பாட்டுக்குப் போய்ப் பூட்டைப் பிடித்து ஓங்கி ஓர் இழுப்பு இழுத்தது.

சைரன் தெருவையே உலுக்கியது.

“ரகசியச் சொல்லைச் சொல்லுங்க” என்றது ஒலிபெருக்கி.

பூட்டு சாரின் முகம் மலர்ந்தது. “பார்த்தியா! என்ன வேகம்!” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைச் சொன்னார்.

“அது நேத்தையது சார்.”

இன்னொன்றைச் சொன்னார்.

“அது போன வாரத்தது.”

மலர்ந்த முகம் வாடியது. காலையில் மாற்றியது ஞாபகம் இருந்தது. எதிலிருந்து மாற்றினார் என்பதும் ஞாபகம் இருந்தது. எதற்கு மாற்றினார் என்பதுதான் மனதில் துடைத்துவிட்டாற்போல் இல்லை.

“ஏங்க, நான்தாங்க வீட்டுக்காரன்!”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க.”

“என் மொகம் தெரியலையா?”

“நல்லாத் தெரியுது சார். மொகத்தப் பாத்து யாரையும் விடக்கூடாதுன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. ரோந்து வண்டி வந்துக்கிட்டிருக்கு. அதுவரைக்கும் வீட்டுக்காரர்னு சொல்றவர் கதவ விட்டு நகரக் கூடாது.”

டாக்ஸி ஓட்டுநர் ஹாரன் அடித்தார். “சார், இப்பக் கெளம்பினாத்தான் ரயிலப் புடிக்கலாம்.”

பூட்டு சார் மூளையைக் கசக்கினார். கசக்கும்போது கை சும்மா இருக்கவில்லை, பூட்டை மறுபடி இழுத்தது. சைரன் இன்னொரு ஸ்தாயியில் ஆரம்பித்தது. தெருவில் மிச்சமிருந்த ஜன்னல்களும் சாத்திக்கொண்டன.

“வேற வழியே இல்லையாங்க?” என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கெஞ்சினார்.

குரல் கொஞ்சம் தயங்கியது. “அக்கம்பக்கத்துல யாராவது, இவர்தான் அவர்னு பொறுப்பெடுத்துச் சொன்னா வண்டியத் திருப்பி அனுப்பலாம் சார். அப்படி யாராவது இருக்காங்களா?”

பூட்டு சார் தெருவைப் பார்த்தார். பேச்சுவார்த்தை உள்ள ஒரு வீடுகூட இல்லை. எல்லா ஜன்னலும் அடைத்துக் கிடந்தன. எதிர்வீட்டு மாடி ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. அவள் வழக்கம்போல அங்கேதான் இருந்தாள், வழக்கம்போலப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“போய்க் கேளுங்க” என்றார் மனைவி.

“அவகிட்டயா?”

“பட்டம் வாங்கறப்பவும் எம் பொண்ணு வாசலப் பாத்துக்கிட்டு நின்னா. இன்னிக்கும் நிக்கணுமா?” மனைவி கத்தவில்லை. கண் மட்டும் நிறைந்திருந்தது. “உங்க பூட்டு நல்லாத்தாங்க இருக்கு. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு.”

அது பூட்டு சாருக்குச் சுருக்கென்று தைத்தது. காலி நாற்காலியைப் பார்த்து அழுத மகளின் முகம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. கதவை விட்டு நகராமலே திரும்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வானத்தைப் பார்க்காமல் அந்த ஜன்னலைப் பார்த்தார். இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

“தங்கச்சி! உன்னப் பத்தித் தப்பா நெனச்சிட்டேன், மனசுல வச்சுக்காத. இந்த வீட்டுக்காரன் நான்தான்னு ஒரே ஒரு வார்த்த சொல்லும்மா!”

அவள் அவரைப் பார்த்தாள். டாக்ஸிக்கும் வாசலுக்கும் நடுவில் தவித்துக்கொண்டு நிற்கும் அவர் மனைவியைப் பார்த்தாள். வாய்க்கு எதிரே நீட்டிக்கொண்டிருந்த சின்ன மைக்கைச் சரிசெய்துகொண்டாள். ஜன்னலில் அவள் உதடு அசைந்தது. குரல் பூட்டு சாரின் தலைக்கு மேலே, அவர் வீட்டு ஒலிபெருக்கியிலிருந்து வந்தது:

“அக்கா, நீங்க டாக்ஸில ஏறுங்க, ரயிலுக்கு நேரமாச்சு, சாருக்கு அந்தச் சொல்லு ஞாபகம் வந்ததும் அடுத்த ரயில்ல நானே அனுப்பி வைக்கிறேன்.”