முழுதும் படித்தவர்கள்

மனித குலத்தின் துக்கம் ஆதாம் காலத்திலிருந்தே முறையான நிர்வாகம் இல்லாமல் கிடந்தது. அவரவர் இஷ்டத்துக்கு அழுதார்கள். அவரவர் இஷ்டத்துக்கு நிறுத்தினார்கள். இந்தப் பெருங்குறையைப் போன ஞாயிறு மாலை, ஆராதனை முடிந்த கையோடு, எங்கள் சபையின் வாசகர் வட்டம் தீர்த்துவைத்தது. அதன் செயலாளன் என்ற முறையில் இதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

எடுத்துக்கொண்ட நூல், இப்போது எல்லாச் சபைகளிலும் பேசப்படும் அந்த நாவல். மகனைப் பறிகொடுத்த ஒரு தாய். அவள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. பழுது பார்க்க வருகிறவர் சாட்சாத் இயேசு. "என் பிள்ளையை ஏன் எடுத்துக்கிட்டீங்க?" என்று அவள் கேட்க, அவர் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, "அதுக்கு என்கிட்ட பதில் இல்லம்மா" என்று சொல்லி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். பின்னட்டையிலேயே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு வரிதான் எங்களை இரண்டாக்கியது.

ஆட்சேபிக்கும் கட்சிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கோபத்துக்குக் காற்று தேவை என்பதால் அவர்கள் மின்விசிறிக்குக் கீழே அமர்ந்தார்கள். உருகும் கட்சிக்குத் தலைவி, பாடகர் குழுவின் முதல் குரலான கண்ணீர் அக்கா. அவர்கள் ஜன்னலோரம், டிஷ்யூ பெட்டி சகிதம். பாடகர் குழுவின் ஆண் குரல்கள் அந்தப் பக்கமும் பெண் குரல்கள் இந்தப் பக்கமும் போய்விட்டதால், போதகர் அடுத்த ஞாயிறு பாட்டுப் பட்டியலை எடுத்து மறுபடி பார்த்துக்கொண்டார். நடுவில் நாற்காலி போட்டு அவர் தலைமை தாங்கினார்.

விவாதத்தின் தரம் கருதி நான் ஒரு விதி கொண்டுவந்தேன். புத்தகத்தை முழுதும் படித்தவர்கள் மட்டுமே பேசலாம். "முழுசா படிச்சவங்க கை தூக்குங்க" என்றேன். இரண்டு கட்சியிலும் கைகள் சர்ரென்று உயர்ந்தன. பல் டாக்டர் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

"நூத்திப்பத்தாம் பக்கத்துல நிறுத்திட்டேன்" என்றார்.

"அப்போ மன்னிக்கணும் டாக்டர். விதி விதிதான்."

"சரிங்க" என்றார். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயை அதிகம் திறந்து நாங்கள் பார்த்ததில்லை. போன வருஷம் தன் ஒரே மகளைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். அடக்க ஆராதனைக்கு நாங்கள் அனைவரும் போயிருந்தோம். அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் போக யாருக்கும் தோதுப்படவில்லை. போனால் என்ன பேசுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவருக்குப் புத்தகத்தைப் பேணவும் தெரியவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிட வேண்டும். எங்கள் பிரதிகளெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. அவருடையது ஓரம் மடங்கி, அட்டை வளைந்து, ஏதோ நனைந்து காய்ந்த மாதிரி உப்பிக் கிடந்தது.

"இந்நூலைப் படித்தபின் நான் வேறு மனிதன்" என்று நான் தொடக்கவுரை ஆற்றி அமர்ந்தேன். தலைமையாசிரியர் எழுந்தார்.

"நம்ம ஆண்டவர் தச்சர். இது எல்லாருக்கும் தெரியும். அவர் எதுக்குய்யா குழாய் வேலைக்கு வரணும்?"

"மரக்கதவு ஏதாவது உடைஞ்சிருந்தா வந்திருக்கலாம்னு சொல்றீங்களா சார்?" என்று போதகர் சமரசத்துக்கு முயன்றார்.

"அப்படின்னா பரிசீலிக்கலாம்."

"சர்வ வல்லவருக்கு ஒரு குழாய மாட்டத் தெரியாதா?" என்றார் கண்ணீர் அக்கா, முதல் டிஷ்யூவை உருவியபடி.

"குழாய் மாட்டத் தெரியும், கேள்விக்கு மட்டும் பதில் தெரியாதா? பதில் தெரியாதவன் பரீட்சையில ஃபெயில். நான் முப்பது வருஷம் பேப்பர் திருத்தினவன்."

"கடவுளுக்கே மார்க் போடுறீங்களே சார். கூட உக்காந்தாரே, அது பெருசில்லையா? நெனச்சாலே எனக்குத் தொண்டைய அடைக்குது."

"உங்களுக்கு அறிவிப்பு வாசிச்சாலே அடைக்கும்."

இந்த உயர்ந்த தரத்திலேயே விவாதம் நெடுநேரம் நடந்தது. துக்கத்தில் இருப்பவரிடம் பேசலாமா, பேசாமல் கூட உட்காரலாமா என்பதை இரண்டு தரப்பும் அக்குவேறு ஆணிவேறாக அலசின. டாக்டரின் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் காலியாகத்தான் இருந்தன. அவர் எந்தக் கட்சி என்று தெரியாததால் யாரும் அங்கே உட்காரவில்லை.

முடிவில், துக்கப்படுகிறவர்களுக்குச் சபை "என்றென்றும் உறுதுணையாக நிற்கும்" என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். கைதட்டல் ஓய்ந்தபோது டாக்டர் எழுந்து நின்றார்.

"நான் பேசக்கூடாதுன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கலாமா?"

கேட்பதற்கு விதியில் தடையில்லை என்றார் போதகர்.

"நூத்திப்பத்தாம் பக்கத்துல அந்தம்மா, பையனோட ஸ்கூல் ஷூவ எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாங்க. அத்தியாயம் அங்க முடியுது. என்னால பக்கத்தத் திருப்ப முடியல." புத்தகத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எங்க வீட்டு வாசல்லயும் பாப்பாவோட ஷூ இருக்கு. அவங்கம்மா தெனம் பாலிஷ் போட்டு வைக்கிறா. எடுத்துடலாமான்னு நான் கேக்கல. இருக்கட்டுமான்னு அவளும் கேக்கல. ரெண்டு பேரும் அதத் தாண்டித்தான் போறோம், வர்றோம்."

டாக்டர் எங்கள் இரண்டு கட்சிப் பக்கமும் திரும்பினார்.

"நீங்கல்லாம் முழுசா படிச்சவங்க. அந்தம்மா அந்த ஷூவ என்ன பண்ணாங்க?"

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். "கொள்கை அளவுல பாத்தா..." என்று ஆரம்பித்து அங்கேயே நின்றார்.

"நல்ல எடத்துலதான் வெச்சிருப்பாங்க டாக்டர்" என்றார் கண்ணீர் அக்கா.

"வெச்சாங்களா, வெச்சிருப்பாங்களா?"

அக்கா டிஷ்யூ பெட்டியைப் பார்த்தார். ஆச்சரியமாக, அப்போது அவருக்கு அழுகை வரவில்லை. போதகர் என்னைப் பார்த்தார். இரண்டு கட்சியும் முதல்முறையாக ஒற்றுமைப்பட்டு என்னைப் பார்த்தது. வேறு மனிதனாகிப் போனவன் நான்தானே.

"நூத்திப்பதினொண்ணாம் பக்கம்தானே, இதோ, பாத்தே சொல்லிடுறேன்" என்று என் பிரதியை எடுத்தேன். பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு சிறிய வேலை இருந்தது. கடையில் சுற்றிக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டியிருந்தது. அந்த அமைதியில் அது ஊருக்கே கேட்கும்போல 'சரக்' என்றது. நான் கூசிப்போனேன். அடுத்த நொடி மின்விசிறிப் பக்கம் ஒரு 'சரக்'. பிறகு ஜன்னலோரம். பிறகு தலைமை நாற்காலியிலிருந்தே ஒன்று. பிறகு ஹால் முழுக்க.

எல்லோர் வாயும் திறந்திருந்தது. பல் டாக்டர் பொறுமையாகக் காத்திருந்தார். அது அவருக்குத் தொழில்.