நாலாம் நம்பர் சாஸ்

அன்பு மிகுந்த தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே யாரும் நலமாக இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். ஊருக்கெல்லாம் யோசனை சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்குகிறவர்களுக்கு ஒரு தலைவலிகூட வருவதில்லை. போனில் திட்டலாம் என்றால், "சிக்னல் இல்லக்கா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கடைசி வரி வரைக்கும் படி.

உன் மருமகன், நான் பெற்ற பிள்ளை, கறிக்கடைக்காரர் மகளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒற்றைக் காலில் நிற்பது உனக்குத் தெரியும். பெண்ணைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டால் போதும், இவன் யாரும் கேட்காமலேயே வாயைத் திறந்து வைத்துக்கொள்கிறான். சிக்கல் அவள் அப்பாதான். முன்பு ஒரு வரன் வந்தபோது, தன் கையால் வெட்டி, தன் கையால் வாட்டிய ஸ்டேக்கை, அதாவது தடித்த கறித்துண்டை, அந்தப் பையனுக்கு வைத்தாராம். பையன் ஒரு துண்டைக்கூட ருசி பார்க்காமல் தக்காளி சாஸ் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்தானாம். இவர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர் வெளியே வரவே இல்லை. அந்த வரன் அத்தோடு முடிந்தது. அப்பேர்ப்பட்ட மனிதர், ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறேன், பிறகு பதில் சொல்கிறேன் என்றார். "கறி நான் கொடுத்தனுப்பறேன். சாஸ் உங்க இஷ்டம்" என்றார். எங்கள் இஷ்டமாம்! பையனின் வாழ்க்கையைத் தட்டில் வைத்துவிட்டு, மேலே என்ன ஊற்றுவாய் என்று கேட்கிறார்.

வீட்டில் ஒரு சமையல் நிபுணர் இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று உன்னைக் கேட்டேன் பார், என்னைச் சொல்லவேண்டும். "சாஸ் எல்லாம் ஒரு விஷயமாக்கா? மனசுக்குத் தோணினத வை" என்றாய். சரி, பெரிய ஓட்டலில் சமைக்கிறவன், ஞானி மாதிரி பேசுகிறான் என்று நினைத்தேன். சாயங்காலத்துக்குள் குரல் செய்தியாக வந்து கொட்டிவிட்டாய். மிளகு சாஸ், கடுகு சாஸ், காளான் சாஸ், முட்டை மஞ்சள்கருவும் வெண்ணெயும் அடித்த சாஸ், பச்சை இலை அரைத்த சாஸ், ஒயின் சாஸ், பூஞ்சை பிடித்த சீஸில் ஒரு சாஸ். ஒவ்வொன்றின் முடிவிலும் "இதுதான்க்கா பெஸ்ட்." ஏழும் முதல் ரேங்க் வாங்கிய பள்ளிக்கூடத்தை உன்னிடம்தான் பார்க்கிறேன்.

அந்தச் செய்திகளை நான் மட்டும் கேட்டிருந்தால் குடும்பம் பிழைத்திருக்கும். உன் அத்தானும் கேட்டுவிட்டார். பெயின்ட் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து பரிசோதிக்க ஒன்றும் கிடைக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர். "ஏழையும் செய். நான் செலக்ட் பண்றேன்" என்று எழுந்தார். ஓய்வு பெறும்போது மற்றவர்கள் கைக்கடிகாரம் வாங்கி வருவார்கள். இவர் பெயின்ட் ஊற்றாத புது மாதிரி டப்பாக்கள் ஒரு பெட்டி வாங்கி வந்தது நினைவிருக்கிறதா? அதற்கு வேளை வந்தது. நான் ஒவ்வொரு சாஸாகச் செய்ய, இவர் ஒவ்வொன்றாக டப்பாவில் ஊற்றி நம்பர் போட்டார். வாயில் வைத்துப் பார்த்தாரா என்று கேட்காதே. வெள்ளை அட்டையில் கத்தியால் இழுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு அட்டையை நிமிர்த்திச் சாஸ் வழிகிறதா என்று பார்த்தார். "மிளகு ஓடுது. கடுகு திட்டுத்திட்டா உக்காருது. பச்சை வெயில்ல வெளுக்கும்" என்றார். "என்னங்க, இது தட்டுல ஊத்தறது, காம்பவுண்டு சுவத்துல அடிக்கறது இல்ல" என்றேன். "தரம்னா எங்கயும் தரம்தான்" என்றார். கொடி முழுக்கச் சாஸ் பூசிய அட்டைகள். துணி காயப்போட இடமில்லாமல் நான் தலையணை உறையை நாற்காலியில் விரித்தேன்.

தேறாதது எல்லாம் எட்டாவது டப்பாவுக்குப் போயிற்று. திரிந்துபோன முட்டை சாஸ், முதல் தடவை கருகிய காளான், ஓடிய மிளகு, வெளுத்த பச்சை, இன்னும் நீ பெஸ்ட் என்றதெல்லாம் அதற்குள். கொட்ட மனசில்லாமல் அதில் கொஞ்சம் எடுத்துப் பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்தேன். செருப்பைக் கடித்துத் தின்கிற நாய் அது. முகர்ந்தது, என்னைப் பார்த்தது, அழுத்தமாக ஒரு தடவை பார்த்தது, போய்விட்டது.

கடைசியில் நாலாம் நம்பர், அதாவது இரண்டாம் தடவை கருகாமல் செய்த காளான் சாஸ், தேர்வானது. தேர்வான மாதிரியை டேப் ஒட்டி மூடிவிட்டால் ஒப்படைக்கும் வரை யாரும் திறக்கக்கூடாது என்பது அவர் கம்பெனி விதி. ஒட்டிவிட்டார். "சூடு பண்றப்போ ஒரு சொட்டு ருசி பாத்துக்கறேனே" என்றேன். நான் ஏதோ பாங்குப் பெட்டகத்தை உடைக்கக் கேட்டதுபோல் பார்த்தார். நானும் விட்டுவிட்டேன். ஏழு சாஸும் நக்கி நக்கி எனக்கு அப்போது உப்பும் சர்க்கரையும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

ஞாயிறு மதியம் கறிக்கடைக்காரர் மகளோடு வந்தார். கறியை அவர் சொன்னபடியே வாட்டினேன். டேப்பைப் பிரித்து, நாலாம் நம்பரைச் சூடாக்கி, பழுப்பாக, பளபளவென்று ஊற்றிக் கொண்டுபோய் வைத்தேன். அவர் சாஸைக் கத்தி முனையால் ஒதுக்கி, முதலில் கறியை மட்டும் ஒரு துண்டு தின்றார். தலையசைத்தார். பிறகு சாஸில் தொட்டார். வாயில் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். உன் மருமகன் என்னைப் பார்த்தான். அந்தப் பெண் அவள் அப்பாவைப் பார்த்தாள். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் சமையலறைக்கு ஓடிவந்த வேகத்தில் மேடையில் இருந்த எட்டாவது டப்பாவைத் தட்டிவிட்டேன். மூடி கழன்றது. உள்ளே காளான், துண்டு துண்டாக, அழகாக, கருகாமல்!

பின்னாலேயே வந்த உன் அத்தானைப் பார்த்தேன்.

"என்னங்க, நம்பரை எங்க எழுதுனீங்க?"

"மூடியில."

"கம்பெனியில மூடியில எழுதினவங்கள என்ன பண்ணுவீங்க?"

"ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுவேன்" என்றார்.

"மூடி மாறும், டப்பா மாறாது" என்று பணிக்காலம் முழுக்க ஊழியர்களைக் கதற வைத்தவர், கடைசிப் பரிசோதனைக்கு எல்லா டப்பாவையும் ஒன்றாகத் திறந்து, மாற்றி மூடி, அதற்கு மேல் டேப்பையும் ஒட்டிவிட்டார். நாய் வேண்டாமென்று போனதைச் சம்பந்தியாக வரவேண்டியவருக்கு வைத்திருக்கிறோம்.

திரும்பிப் போனபோது தட்டு காலி. மரியாதைக்குத் தின்றிருப்பார் பாவம். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சாஸ் மிச்சம் இருக்கா?" என்றார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை, அவருக்கு ஊற்றியதுபோக மீந்திருந்த டப்பாவைக் காட்டினேன். மூடினார், பைக்குள் போட்டுக்கொண்டார், மகளைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாட்சிக்குத்தான் எடுத்துப்போகிறார் என்கிறார் உன் அத்தான். கடை வாசலில் வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாராம்.

உன் மருமகன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்தேன், ஆறிப்போயிற்று. எனக்கு நெஞ்சு வலிக்கிறதடா. அவன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோதுகூட இப்படி ஒரு வார்த்தை பேசாமல் இருந்ததில்லை. ஒரு சாஸைச் சொல்லியிருந்தால் ஒரு டப்பாவோடு போயிருக்கும். ஏழைச் சொன்னாய் மகராசா. இனிமேல் என்னிடம் சமையல் பேசாதே. இந்த வீட்டுப் பக்கம் வராதே. வந்தாலும் வெறும் சோறுதான், தொட்டுக்கொள்ள ஒன்றும் கிடையாது. உன் ஓட்டல் செழிக்கட்டும், உன் கரண்டி நீடூழி வாழட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. உன்னைக் கட்டிக்கொண்டு அவள் காட்டுகிற பொறுமைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன்னிடம் யோசனை கேட்ட பாவத்துக்கு அழுகிற
அக்கா

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கறிக்கடைக்காரர் போன் செய்தார். எடுத்த எடுப்பில் "சம்பந்தியம்மா" என்றார். எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. "என் கறிக்கு ஈடு குடுக்கற மாதிரி ஒரு சாஸ இத்தனை வருஷத்துல பாக்கல. வீட்டுக்கு வந்து ரொட்டியால டப்பாவத் தொடச்சுட்டேன். பொண்ணு உங்க வீட்டுக்குத்தான். ஒரே ஒரு கண்டிஷன், கல்யாண விருந்துல அதே சாஸ் இருக்கணும்" என்றார். உன் மருமகன் கதவைத் திறந்துகொண்டு வந்து, ஆறிப்போனதை நின்றபடியே தின்றுகொண்டிருக்கிறான். மேலே எழுதியதையெல்லாம் படிக்காதே. உடனே புறப்பட்டு வா. ஏழு சாஸையும் செய்யவேண்டும். முட்டை கட்டாயம் திரிய வேண்டும், காளான் கருக வேண்டும். எதை எவ்வளவு கலந்தோம் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு நாயை இரவல் கேட்டிருக்கிறேன். நீ கலக்கிக் கலக்கி அதன் முன்னால் வை. எதை முகர்ந்துவிட்டு எழுந்து போகிறதோ, அதுதான் நாலாம் நம்பர்.