செய்முறைப் பரீட்சைக்கு ஒரு மணப்பெண்

கற்பிட்டி யுவன் யுவதிகளின் திறன் விருத்தியை முன்னிட்டு, இஸ்ஸதீன் முதலாளி தன் கருவாட்டு வாடிக் கொட்டகைக்கு வெள்ளையடித்து, அதைச் சர்வதேசத் தனியார் தொழிற்பயிற்சி நிறுவனமாகத் தரமுயர்த்தினார். ஒரு பக்கம் மணப்பெண் அலங்காரம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மின்னிணைப்பு.

எத்தாளை ஊர்க் கமீலா அலங்காரம் படித்தாள். சான்றிதழோடு வந்தால் வேலை தருவதாகப் புத்தளத்து அழகு நிலையம் ஒன்று சொல்லியிருந்தது. மின்னிணைப்புப் படித்த றிம்ஸானோ வயர்களைவிடக் கமீலாவையே கூடுதலாகப் படித்திருந்தான். பெண் கேட்டும் போனான். படிப்பை முடிக்காதவனுக்குப் பெண் இல்லையென்று அவளுடைய வாப்பா திருப்பி அனுப்பிவிட்டார்.

செய்முறைப் பரீட்சைக்குக் கொழும்பிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். மாணவிகள் ஒருத்திக்கு ஒருத்தி பவுடர் பூசத் தொடங்கவும் தடுத்தார். சுற்றுநிருபத்தின் பிரகாரம் பரீட்சை உண்மையான வேலைச் சூழலில் நடைபெற வேண்டும். ஆகவே உண்மையான மணப்பெண் தேவை.

இஸ்ஸதீன் கமீலாவைக் கதிரையில் இருத்தினார்.

"மாப்பிள்ளை எங்கே?" என்றார் மதிப்பீட்டாளர். "மாப்பிள்ளை இல்லாதவரை மணப்பெண் என்று ஏற்க எனக்கு அதிகாரமில்லை."

யாரும் கூப்பிடு முன்பே றிம்ஸான் தடுப்பைத் தாண்டி வந்து நின்றான்.

வெங்காயத் தோட்டத்திலிருந்து வாப்பாவைக் கூட்டி வந்தார்கள். அவர் பழைய ஆட்சேபணையையே சொன்னார். உடனே இஸ்ஸதீன், றிம்ஸானுக்குச் சிறப்புச் சித்தியுடன் மின்னிணைப்பு டிப்ளோமா ஒன்றை அச்சடித்துக் கையில் கொடுத்தார். மை காயுமுன் வாப்பா ஓம் என்றார். கமீலாவின் சம்மதத்தையும் கேட்டார்கள். அவள் சிரிப்பை அடக்க மாட்டாமல் பவுடர் உதிரத் தலையாட்டினாள். மற்ற மாணவிகள் அவளை அலங்கரித்து முடிக்க, பள்ளிவாசல் லெப்பை வந்து நிக்காஹ்வை முடித்து வைத்தார். வகுப்பு முழுவதும் பரீட்சையில் சித்தியடைந்தது.

கமீலாவைத் தவிர.

"பரீட்சார்த்தி அலங்காரம் செய்யவில்லை. அவருக்கு அலங்காரம் செய்யப்பட்டது" என்று மதிப்பீட்டாளர் வருத்தத்தோடு விளக்கினார்.

புத்தளத்து வேலை போயிற்றென்று புதுப்பெண் அழுதாள். இஸ்ஸதீன் அவளைத் தேற்றி, தன் நிறுவனத்திலேயே போதனாசிரியையாக நியமித்தார்.

"வேலை செய்யத்தான், மகள், சான்றிதழ் வேணும்" என்றார். "படிப்பிக்கிறதுக்கு அது வேணாம்."

புது மாணவர்களைச் சேர்க்கும் அடுத்த அனுமதி நாளில் கற்பிட்டித் தாய்மாரெல்லாம் மகள்மாரோடு வரிசையில் நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் அந்த மதிப்பீட்டாளரே தன் மகளோடு நின்றார். எந்தப் பாடநெறிக்கு என்று கமீலா கேட்டாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எது எண்டாலும் பரவாயில்ல. டொக்டர் பொடியன்மார் படிக்கிற மாதிரி ஏதும் தொடங்குவீங்களா?"