காஜா பெராங்கில் நான் ஆற்றிய உரை

அதிகம் படித்தவன் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஈடு கிடையாது. நான் எம்.ஏ. முடித்தவன். அதனால் என்னை நம்பலாம்.

மலாயா மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வாங்கிய மறு வருஷம், மதராஸிலிருந்து ஆராய்ச்சி மாணவனாகச் சிங்கப்பூர் போய், அங்கிருந்து மலாக்கா வந்தேன். அங்கே காஜா பெராங் பகுதியில் பல தலைமுறைகளாக வாழும், தமிழ் வணிகர் வழிவந்த செட்டி மக்களின் தமிழை ஆராய்வது திட்டம். வந்து இறங்கிய பிறகுதான் ஒரு சிறு விஷயம் தெரிந்தது: அவர்கள் தமிழே பேசுவதில்லை. வீட்டிலும் மலாய்தான். (புறப்படும் முன் யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஆராய்ச்சி எதற்கு?)

மூன்று மாதம் வீட்டுக்காரரைத் தவிரப் பேச ஆளில்லை. ஊர்க் கடிதம் வரவில்லை. சோறு இறங்கவில்லை. அந்த எரிச்சலையெல்லாம் சேர்த்து வைத்து, ஒரு கோயில் பூசைக்குக் கூடியிருந்தவர்களைப் பார்த்து, 'தாய்மொழியைத் தொலைத்தவர்களே!' என்று அரைமணி நேரம் செந்தமிழில் விளாசினேன். நான் குடியிருந்த வீட்டுக்காரர் மாணிக்கம், தமிழ் தெரிந்த பஸ் கண்டக்டர், பக்கத்தில் நின்று மலாயில் மொழிபெயர்த்தார்.

என் பத்து வாக்கியத்துக்கு அவர் ஒன்றுதான் சொன்னார். கூட்டம் "காசியான், காசியான்" என்று முணுமுணுத்தது. காசியில் படித்த பண்டிதன் என்று நினைக்கிறார்கள் போலும் எனக் குரலை இன்னும் உயர்த்தினேன். முன்னால் உட்கார்ந்திருந்த அடுத்த தெரு மீனாட்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவர் வீட்டு அடுக்குப் பாத்திரம் தினமும் மத்தியானம் எனக்கு வந்தது. தேங்காய்ப்பால் சோறு, சம்பல், வாழையிலையில் மடித்த பலகாரம். உரைக்குக் கிடைத்த சன்மானம் என்று வழித்துச் சாப்பிட்டேன். பூட்டியிருந்த வீடுகளும் திறந்தன. உட்கார வைத்துத் தங்கள் பேச்சில் மிச்சமிருந்த தமிழ்ச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். நோட்டு நிறையத் தொடங்கியது.

இரண்டு வாரம் கழித்து மாணிக்கத்திடம் என் நாவன்மையைப் பற்றிப் பெருமையடித்தேன். அவர் சிரித்துவிட்டார்.

"நீங்க பேசினத அப்படியே சொல்லியிருந்தா ஒதைதான் கெடச்சிருக்கும் தம்பி. இவரு வீட்ட நெனச்சி ஏங்குறாரு, அம்மா சமையல் இல்லாம எளச்சிட்டாருன்னு சொன்னேன். காசியான்னா மலாய்ல பாவம்னு அர்த்தம் லா."

அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். என் தன்மானம் விடவில்லை. பரிதாபப்பட்டுப் போட்ட சோற்றைத் தின்றவனா நான்? மீனாட்சியம்மாளின் கணவர் துறைமுகத்தில் கிளார்க், இங்கிலீஷ் தெரிந்தவர். கழுவிய அடுக்கோடு நேரே அவர் வீட்டுக்குப் போய், மனைவியும் பக்கத்தில் நிற்கும்போதே, நான் உண்மையில் பேசியதை வரி வரியாக இங்கிலீஷில் ஒப்பித்தேன்.

அவர் கோபப்படவில்லை.

"கோயிலிலிருந்து வந்ததும் இவள் உங்களுக்காக அழுதாள்," என்றார். "இப்போது இவளிடம் நான் என்ன சொல்லட்டும்?"

அவர் மலாயில் மெல்ல ஏதோ சொன்னார். மீனாட்சியம்மாள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, என் கையிலிருந்த அடுக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

சோறு நின்றது. சொற்களும் நின்றன. யாரும் திட்டவில்லை. மாணிக்கத்தோடு எந்த வீட்டுக்குப் போனாலும், பெரியவர்கள் வெளியே போயிருக்கிறார்கள் என்று மரியாதையாகச் சொன்னார்கள். பாதி நிறைந்த நோட்டோடு கப்பலேறி, மதராஸில் கல்வெட்டுகளைப் பற்றி எழுதிப் பட்டம் வாங்கினேன். கற்கள் கோபித்துக்கொள்வதில்லை.

இன்றைக்கும் வீட்டில் நான் "உண்மையைச் சொல்லப்போனால்..." என்று ஆரம்பித்தால் போதும், "மொதல்ல சாப்பிட்டு முடிங்க, அப்புறம் சொல்லலாம்" என்பாள் என் மனைவி. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்த அம்மாள் உள்ளே போனபோது, மன்னிப்புக் கேட்க மலாயில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் வாசலில் நின்றேனே, அதை மட்டும் இவர்களிடம் சொன்னதில்லை.