பிஸ்தா பச்சையும் ஆறாவது ரவிக்கைத் துண்டும்

அந்த சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணு. செம்பூர் போய் ஒரு காரோட கலரைக் கொண்டு வரணும்.

காரை இல்லை. கலரை மட்டும்.

இது அறுபதுகள்ல நடந்தது. நாங்க மாட்டுங்கால இருந்தோம். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச பம்பாயில கார்னா கறுப்பு, சுவர்னா சுண்ணாம்பு. நடுவில ஜனங்களுக்கு என்ன ஆச்சோ தெரியலை. காரெல்லாம் ஆகாச நீலம், சந்தனம், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெட்டைக் கலர். வீட்டுக்குள்ள நாலு சுவருக்கு நாலு கலர். எங்க மாடி வீட்டுக்காரர் ஹால்ல ஒரே ஒரு சுவருக்கு ரோஸ் அடிச்சார். மொத்த பில்டிங்கும் போய்ப் பார்த்துட்டு வந்துது. நானும் போனேன். ரெண்டு தடவை.

எங்க ஹால் மட்டும் வெள்ளை. அதாவது, வெள்ளைன்னு நாங்க சொல்லிண்டிருந்தோம்.

அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை என் தங்கை சுகுணாவைப் பொண்ணு பார்க்க செம்பூர்லேர்ந்து வர்றதா இருந்தா. அதுக்கு முன்னாடி நாலு இடம் வந்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, "லெட்டர் போடறோம்"னு சொல்லிட்டுப் போனா. ஒரு லெட்டரும் வரலை.

இந்தப் பையனை மட்டும் சுகுணா ஏற்கெனவே ஒரு கச்சேரியில பார்த்திருந்தா. யாரும் கேக்காமலே எங்கிட்ட வந்து, "அண்ணா, இந்த இடம் தகைஞ்சா நன்னா இருக்கும்"னா. சொல்லிட்டு உடனே சமையல்கட்டுக்கு ஓடிட்டா. அவ இத்தனை வருஷத்துல எங்கிட்ட வாய் விட்டுக் கேட்டது அது ஒண்ணுதான். அதனால அதைக் கெடுக்கப்படாதுன்னு எனக்கு ஒரே கவலை.

ஜாதகம் கொண்டு வந்தவர் எங்க ஆபீஸ் ஹெட் கிளார்க். அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஓய், பையனோட அம்மாவுக்கு பிஸ்தா பச்சைன்னா உசிர். கர்ட்டன், ஸோபா உறை, கார், எல்லாம் ஒரே பச்சை. போன மாசம் ஒரு வீட்டுல பழைய சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துட்டு காபி கூடக் குடிக்காம எழுந்து வந்துட்டா!"

என் பெண்டாட்டி கோமு ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "ஏன்னா, நம்ம ஹாலுக்கும் அதே பிஸ்தா பச்சை அடிச்சுடலாம்."

"பிஸ்தா பச்சையில நூறு தினுசு இருக்கே கோமு. அவா பச்சை எதுன்னு கண்டோம்?"

"கார் தெருவிலதானே நிக்கறது? போய் மேட்ச் பண்ணிண்டு வாங்கோ."

"அந்த மாமியையே கேட்டுட்டா என்ன?"

"நன்னாருக்கு! அவா வந்து பொண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடி நாம போய் அவாத்து வாசல்ல நிக்கறதாவது! அதுவும் உங்க காருக்கு என்ன கலர்னு கேட்டுண்டு! யாருக்கும் தெரியாம போய்ட்டு வாங்கோ."

சொல்லிட்டு அலமாரியைத் திறந்து ஆறு ரவிக்கைத் துண்டை எடுத்து என் பையில போட்டா. எந்தக் கலரா இருந்தாலும் எங்க வீட்டுல அதை ரவிக்கைத் துண்டு வச்சுப் பார்த்துத்தான் முடிவு பண்றது. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை, மயில் கழுத்து, இன்னும் பேர் தெரியாத ரெண்டு.

"எது ஒத்துப் போறதோ அதைத் தனியா மடிச்சு வையுங்கோ."

மத்தியானம் ஆபீஸ் விட்டதும் செம்பூர் பஸ் பிடிச்சேன்.

அந்தத் தெருவில பச்சைக் கார் ஒண்ணே ஒண்ணுதான். வெயில்ல ஜனம் எல்லாம் தூங்கிண்டிருந்தது. நல்ல வேளைன்னு காருக்குப் பக்கத்துல குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டா எடுத்து மட்கார்ட் மேல போர்த்திப் பார்த்தேன்.

கிளிப்பச்சை தூக்கலா இருந்துது. இலைப்பச்சை கறுத்துது. மயில் கழுத்து பானெட் மேல போட்டா பச்சையாத் தெரிஞ்சுது, தள்ளி நின்னா நீலமாத் தெரிஞ்சுது. நான் கிட்ட வர்றதும் தள்ளிப் போறதுமா நடந்துண்டிருந்தேன்.

பின்னாலேர்ந்து ஒரு குரல். "அரே மதராஸி! காடி கோ சோலி பெஹ்னாதா ஹை க்யா?"

தள்ளுவண்டியில கத்திரிக்காய் வச்சிண்டு ஒரு பாஜிவாலா. காருக்கு ரவிக்கை போட்டு விடறியான்னு கேக்கறான்!

நான் கௌரவமா, "நஹி, மேட்சிங்"னேன்.

அவன் ரொம்ப நேரம் சிரிச்சுட்டு வண்டியைத் தள்ளிண்டு போனான்.

ஆறும் ஒத்து வரலை. அப்பத்தான் கண்ணுல பட்டுது. மட்கார்ட் ஓரத்துல துரு ஏறி, பெயிண்ட் லேசா உப்பி நின்னுண்டிருந்தது. ஒரு அரிசி அளவு கிடைச்சா போறுமேன்னு தோணித்து. பெயிண்ட் கடையில காட்டிட்டா வேலை முடிஞ்சுது!

நகத்தால மெதுவா நெம்பினேன்.

அரிசி அளவு வரலை. என் உள்ளங்கை அகலத்துக்கு அப்பளமாட்டம் கழண்டு கையில வந்துடுத்து.

கார்ல துருப்பிடிச்ச ஒரு பெரிய வட்டம். கையில ஒரு பச்சை அப்பளம். மாடியில யாரோ ஜன்னலைத் திறக்கற சத்தம். அப்பளத்தை உடைச்சு ஒரு காலித் தீப்பெட்டியில திணிச்சு, துணியெல்லாம் அள்ளிப் பையில போட்டுண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஓடினேன். காலேஜ்ல படிச்சபோதுகூட நான் அப்படி ஓடினதில்லை.

பெயிண்ட் கடை சேட் தீப்பெட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். "க்யா ஹை யே? தவாயி?"

"மருந்து இல்லை சேட், ரங், கலர். இதே ரங் வேணும், சுவருக்கு அடிக்கற டிஸ்டெம்பர்ல."

அவர் என்னை மேலேயும் கீழேயும் பார்த்தார். ஆனா தொழில் தெரிஞ்சவர். கலந்து கலந்து கடைசியில அச்சு அசலாக் கொண்டு வந்துட்டார். வியாழக்கிழமைக்குள்ள ஹால் நாலு சுவரும் பிஸ்தா பச்சை. கோமு அதோட விடலை. தீப்பெட்டியை எடுத்துண்டு போய் அதே கலர்ல கர்ட்டன் துணி, அதே கலர்ல சுகுணாவுக்கு ஒரு புடவை!

தீப்பெட்டியைத் திரும்ப ரேடியோ மேல வச்சா.

"நான் குடுத்தது ஆறு துண்டு. அஞ்சுதானே இருக்கு?"ன்னா.

"பஸ்ல எங்கேயாவது விழுந்திருக்கும்"னேன். எனக்கு வேற கவலை.

ஞாயித்துக்கிழமை நாலு மணி. நான் பால்கனியில நின்னு பச்சைக் கார் வர்றதான்னு பார்த்துண்டிருந்தேன். சரியா எங்க வாசல்ல ஒரு க்ரீம் கலர் கார் வந்து நின்னுது.

எனக்கு வந்ததே கோபம்! "ஏ மிஸ்டர்! அங்க நிறுத்தாதீங்கோ! எங்காத்துக்கு முக்கியமான மனுஷா வரா! வண்டியை எடுங்கோ!"

வண்டியிலேர்ந்து தலைப்பாகை இல்லாத ஒரு மகாராஜா மாதிரி ஒருத்தர் இறங்கி மேல பார்த்தார். "நாங்கதான் அந்த முக்கியமான மனுஷா. எங்க நிறுத்தணும்?"

செம்பூர் மாமா, பையனோட அப்பா. பின்னாலேயே மாமி, பையன். நான் பால்கனியிலேர்ந்து கை கூப்பினேன். வேற என்ன பண்றது?

உள்ள வந்து உட்கார்ந்தா. மாமாவும் மாமியும் ஆளுக்கு ஒரு மூலையில. மாமி பையனைப் பார்த்து, "உங்கப்பாவை காபி எடுத்துக்கச் சொல்லு"ன்னா. மாமா, "வேண்டாம்னு உங்கம்மாகிட்ட சொல்லு"ன்னார். நடுவில பையன் பாவம், தந்தியாபீஸ் மாதிரி வேலை பார்த்துண்டிருந்தான்.

சுகுணா தட்டோட வந்து நமஸ்காரம் பண்ணிட்டு சுவரோரமா நின்னா.

ரெண்டு நிமிஷம் கழிச்சு மாமா சொன்னார், "நாழி ஆறதே, பொண்ணை வரச் சொல்லலாமே?"

"அப்பா, அவ எதிர்லதான் நிக்கறா"ன்னான் பையன். மாமா கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுண்டு உத்துப் பார்த்தார். சுவர் பச்சை, கர்ட்டன் பச்சை, புடவை பச்சை. நடுவில முகமும் தட்டும்தான் தனியாத் தெரிஞ்சுது.

நான் பேச்சை மாத்தினேன். "கார் பச்சைன்னு சொன்னாளே மாமா?"

கேட்டிருக்கப்படாது.

"பச்சையாத்தான் இருந்துது. போன சனிக்கிழமை எவனோ ஒரு கடங்காரன் மட்கார்டைப் பிராண்டி வச்சுட்டான். அதான் எல்லாத்தையும் சுரண்டி க்ரீம் அடிச்சுட்டேன். இப்ப அதுதான் ஃபாஷன்."

மாமா சட்டைப் பையிலேர்ந்து சிகரெட்டை எடுத்து, "தீப்பெட்டி இருக்கா?"ன்னார்.

வருங்கால சம்பந்தி கேட்டு நான் இல்லைன்னு சொல்றதா? எட்டி ரேடியோ மேல இருந்ததை எடுத்து நீட்டினேன். மரியாதையா, ரெண்டு கையாலேயும்.

அவர் திறந்தார். ஒரு பச்சைத் துண்டை எடுத்தார். எழுந்து போய்ச் சுவர் மேல வச்சார். துண்டு இருக்கற இடமே தெரியலை. அப்புறம் என்னைப் பார்த்தார்.

எனக்குப் பொய் வராது. வந்தாலும் அப்ப வரலை. எல்லாத்தையும் கொட்டிட்டேன். சுகுணா ஆசைப்பட்டது, மாமிக்குப் பிடிச்ச பச்சை, பஸ், பாஜிவாலா, அப்பளம். "ஆறு ரவிக்கைத் துண்டு வச்சுப் பார்த்தேன் மாமா, ஒண்ணும் சேரலை. வேற வழியில்லாமத்தான். அந்த அவசரத்துல ஒரு துண்டு கூட எங்கேயோ போய்டுத்து."

சுகுணா தட்டைக் கீழ வச்சுட்டா. அவ முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அஞ்சாவது இடமும் போச்சு, அதுவும் என்னாலன்னு நினைச்சுண்டேன்.

அப்பத்தான் மாமி முதல் தடவையா என்னைப் பார்த்துப் பேசினா.

"காணாமப் போன துண்டு என்ன கலர்?"

"மயில் கழுத்து மாமி."

மாமி கைப்பையைத் திறந்தா. மயில் கழுத்துத் துண்டு ஒண்ணு வெளியில வந்துது. "இதுவா?"

சமையல்கட்டிலேர்ந்து கோமு எட்டிப் பார்த்து, "அட, என்னோடது!"ன்னா.

மாமா தடால்னு எழுந்தார். "கேட்டியா? நன்னாக் கேட்டியா? எட்டு நாளா தொண்டை கிழியக் கத்தினேனே, பானெட் மேல யார் ரவிக்கைத் துண்டை வச்சான்னு எனக்குத் தெரியாதுன்னு! சாட்சி கொண்டு வான்னியே, இதோ நிக்கறான் சாட்சி!"

சொன்னவர் வந்து என்னைக் கட்டிண்டார். பிராண்டினவனைக் கட்டிக்கறார்!

மாமி துண்டை மடிச்சு கோமு கையில குடுத்துட்டு, சுவரை ஒரு தடவை சுத்திப் பார்த்தா. அப்புறம் மாமா பக்கம் திரும்பினா. "நல்ல பச்சை. என்னைக் கேக்காம க்ரீம் அடிச்ச மனுஷாளும் இருக்கா."

எட்டு நாளைக்கு அப்புறம் மாமாகிட்ட நேரா சொன்ன முதல் வார்த்தை அதுதான். மாமாவுக்கு அதுவே போறும் போல இருந்துது, முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப பொண்ணு?"ன்னு மெதுவாக் கேட்டேன்.

பையன் அன்னிக்கு யாருக்கும் தூது போகாம தனக்காகப் பேசினது ஒண்ணே ஒண்ணு. "எனக்கு அவ வந்து நின்னப்பவே தெரிஞ்சுது."

சுகுணா கல்யாணம் நன்னா நடந்துது. அதுக்கப்புறம் மாமா மாட்டுங்கா வர்றபோதெல்லாம் காரை ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு நடந்துதான் வருவார். வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே கேப்பார்.

"கோமு, உன் ஆம்படையான் நகம் வெட்டியாச்சா?"