பூசையில் வைத்த வலது கை

இதை முதன்முதலில் எனக்குச் சொன்னவள் பக்கத்து வீட்டு ஃபகருன்னிசா. போன ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில், நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது.

"அக்கா, அண்ணன் நேத்து எங்க காய்கறிக் கடைக்கு வந்தாரு. 'இருக்கறதுலயே சின்னதா, லேசா ஒரு பூசணிக்கா எடுத்து வை. உங்கக்காவுக்குத் தெரிய வேணாம்'னாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க!"

கோலப்பொடி கையிலிருந்து அப்படியே கொட்டிப்போனது.

என் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருஷமாக வேலை செய்கிறவர். ஆயுத பூஜையன்று பட்டறை வாசலில் திருஷ்டிப் பூசணிக்காயைத் தலைக்கு மேலே தூக்கி உடைப்பது அவர்தான். வேறு யாரையும் தொட விடமாட்டார். ஆனால் வலது தோளில் தசைநார் அறுந்து, ஆபரேஷன் நடந்து, அன்றைக்கு ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். "அம்மா, இவர் நார் ரொம்ப நாள் துவைச்ச வேட்டி மாதிரி நைஞ்சிருக்கு. இப்ப நூல்தான் பிடிச்சு வெச்சிருக்கு. அது எலும்போட ஒட்டணும். ஆறு வாரம் அவரா கையைத் தூக்கவே கூடாது. கிழிஞ்சா மறுபடி தைக்கத் துணி இல்ல."

அன்றிலிருந்து நான் மாரியம்மனிடம் அது ஒட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். "நாளைக்குப் பட்டறைக்குப் போறீங்களா?"

"சும்மா, வேடிக்கை பார்க்க."

"பூசணிக்கா?"

"கூட வேலை பாக்கற முனிசாமி உடைப்பான். எனக்கென்ன?" என்றவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை!

விடிந்தது. அரிவாள்மனை, சுத்தியல், மகன் பிரகாஷின் லேப்டாப் எல்லாவற்றையும் பூசைக்கு வரிசையாக வைத்தேன். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தேன். கழுத்தில் மாட்டிய பெல்ட்டில் தொங்கிய வலது கைக்குச் சந்தனம் பூசினேன்.

"என்னடி இது?"

"முப்பது வருஷமா நமக்குச் சோறு போட்டது இந்தக் கைதானே? நம்ம வீட்ல இதைவிடப் பெரிய ஆயுதம் எது?"

மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இன்னும் கொஞ்சம் வைடி" என்று வாகாகக் காட்டினார். குங்குமம் வைத்தேன். சாமந்தி வைத்தேன். கற்பூரம் காட்டி, மனசார வேண்டிக்கொண்டேன். அப்புறம்தான் சொன்னேன்.

"பூசைல வெச்ச ஆயுதத்தை மறுபூசை போடற வரைக்கும் எடுக்கக் கூடாதுங்க."

முகம் சுண்டிப்போனது. மறுக்கவும் முடியாது. ஒரு ஆயுத பூஜையன்று நான் மறதியாகப் பூசையில் வைத்த அரிவாள்மனையை எடுத்து வெங்காயம் நறுக்கிவிட்டேன் என்று தெருவே அதிரக் கத்தி, இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஓட்டலில் வாங்கிவந்தவர் அவர்.

"சரி, மறுபூசை நாளைக்குத்தானே? பூசணிக்காயை நாளைக்கு உடைச்சுக்கறேன்."

"மத்த ஆயுதத்துக்கு நாளைக்கு. இதுக்கு டாக்டர் குறிச்ச நாள்."

"அப்ப பிசியோதெரபிக்கு வர்ற ஜெயப்ரியா மட்டும் தினம் கையைத் தூக்கிவிடுதே?"

"அது பூசாரிங்க. பூசாரி தொடலாம்."

அவர் சந்தனக் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சின்னப் பூசணிக்கா விஷயம் உனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

நான் மெல்லத் திரும்பி அம்மன் படத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடது கையால்!

பட்டறைக்கு நானும் கூடவே போனேன். கடையிலிருந்து வந்த பூசணிக்காயைப் பார்த்ததும் முனிசாமி கன்னடம் கலந்து ஆரம்பித்துவிட்டான்.

"ஏனண்ணா இது, என்ன இது? பூசணிக்காயா, கொய்யாக்காயா?"

பட்டறையே சிரித்தது. முனிசாமி அதை ஒரே போடாகப் போட்டான். இவர் உடம்பு முழுக்கத் துள்ளியது. சந்தனக் கை மட்டும் அசையவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

டாக்டர் குறித்த நாளும் வந்தது. ஸ்கேனைப் பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "அட, ஒட்டிக்கிட்டு வருதே! இந்த நைஞ்ச நாரா! எப்படி சார் இவ்வளவு அடக்கமா இருந்தீங்க?"

"எல்லாம் மனக்கட்டுப்பாடு டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் இவர்.

இப்போதெல்லாம் அவர் என்னிடம் எதையும் மறைப்பதில்லை. மறைத்தால் அம்மன் என்னிடம் சொல்லிவிடுவாளாம். நீங்கள் ஓசூர்ப் பக்கம் வந்தால் அவசியம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். ஃபகருன்னிசா பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.