நிசப்த பரிபாலனம்

இந்த விருத்தாந்தத்தை நான் பல வருஷங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். சந்தேகிப்பது என் சுபாவம். ஐம்பது வயசுக்கு மேல் மற்றவர்களுக்கு மூட்டுவலி வருகிறது. எனக்கோ கேட்ட கதைகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, 'என்னை எப்படி நம்பினாய்?' என்று கேட்கின்றன. ஒரு சர்க்கார் ஆபீஸ் இவ்வளவு அசட்டுத்தனம் செய்யுமா என்பதல்ல என் சந்தேகம். நானும் ஒரு முனிசிபாலிட்டியில் உத்தியோகம் பார்த்தவன். செய்யும் என்பதை அறிவேன். கதையில் வேறு எங்கேயோ காலில் ஒரு கல் இடறியது. எந்தக் கல் என்று தெரியாமலே மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

கதையைச் சொன்னவர் ராமபத்ரன். இப்போது ரிடையராகி, மட்டாஞ்சேரிப் பக்கத்துச் சுள்ளிக்கல்லில் என் அடுத்த வீட்டில் இருக்கிறார். கதை நடந்தபோது மொழிவாரியாகப் புது மாநிலம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. அப்போது அவர் எர்ணாகுளத்தில் வெளிநாட்டு விருந்தினர் சௌகரிய அலுவலகத்தில் குமாஸ்தா. குடியிருந்தது மட்டாஞ்சேரி அரிசிக் கடைகளுக்குப் பின்சந்தில், ஒரு சுக்குப் பண்டகசாலையின் மாடியில். மனைவி அனந்தலக்ஷ்மியின் தகப்பனார் காலத்திலிருந்தே அவர்கள் குடும்பம் இருந்த வீடு அது.

விடியும் முன்பே கீழே சுமட்டுக்காரர்கள் மூட்டை தூக்க ஆரம்பிப்பார்கள். ஒருவன் பாட, மற்றவர்கள் ஏற்றுப் பாடுவார்கள். பிறகு கைவண்டிகள் வரும். பிறகு சரக்குப் படகு விடும் வள்ளக்காரர்களுக்குள் சண்டை நடக்கும். அப்புறம் சமாதானம். சண்டையைவிடச் சமாதானத்துக்குத்தான் சத்தம் அதிகம்.

அந்த வீட்டுக்கு மலேயாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியது அனந்தலக்ஷ்மியின் தம்பி வாஞ்சிநாதன். வாலிபத்தில் கப்பலேறி, ஈப்போவில் ஒரு ஈயச் சுரங்கக் கம்பெனியில் பெரிய உத்தியோகத்துக்கு வந்துவிட்டவர். அதன்பிறகு ஊருக்கே வரவில்லை. இப்போது வருகிறாராம். தூக்கம் சரியில்லை, அமைதியான இடத்தில் ஓய்வெடுக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஆகவே ஒரு காட்டேஜில் தங்கிக்கொண்டு, பகலில் உறவினர்களை வந்து பார்த்துப் போக உத்தேசம். அத்திம்பேர் ஆபீஸில் காட்டேஜ் உண்டென்று கேள்வி.

அந்தக் காலத்தில் 'ரெஸ்ட்' என்பது புதிதாக இறங்கியிருந்த சரக்கு. பணமுள்ளவர்கள் 'சேஞ்சு'க்கு என்று ஆலுவாய் போய், ஆற்றங்கரையில் ஒரு வீட்டை எடுத்து, இங்கே செய்துகொண்டிருந்ததையே அங்கேயும் செய்துவிட்டுத் திரும்பி வந்து, முகத்தில் தேஜஸ் கூடியிருக்கிறதா என்று கேட்பார்கள். பணமில்லாதவர்கள் கூடியிருக்கிறது என்பார்கள்.

அனந்தலக்ஷ்மி கடிதத்தைக் கேட்டுவிட்டுக் காப்பி டபராவைக் கீழே வைத்தாள்.

"அக்கா ஆத்துல அவனுக்குத் தூக்கம் வராதாமாக்கும்?"

"டாக்டர் சொன்னது."

"டாக்டரா இந்தச் சுக்கு மூட்டை மேல தூங்கி வளர்ந்தான்? இவன்னா வளர்ந்தான். நான் பெரிசா ஒண்ணும் கேக்கலை. என் கூரைக்குக் கீழே ஒரு ராத்திரி தூங்கட்டும். ஒரே ஒரு ராத்திரி. அப்புறம் எந்தக் காட்டுக்கு வேணும்னாலும் போகட்டும். கூடப்பிறந்தவன் கடல் தாண்டி வந்து கவர்மெண்டு ஆத்துல படுத்தான்னா, நான் இந்தச் சந்துல எந்த முகத்தோட நடப்பேன்?"

"சரி, அதுக்கு நான் என்ன செய்யறது?"

"காட்டேஜ் இல்லைன்னு எழுதிடுங்கோ."

"இருக்கறதை இல்லைன்னு எழுதினா பொய்யாகும். நான் சர்க்கார் உத்தியோகஸ்தன்."

"இல்லாததை இருக்குன்னு எழுதறேளே?"

"அது மேலேர்ந்து வந்தா எழுதலாம்."

மறுநாள் முதல் அவர் காப்பியில் சர்க்கரை நின்றது. தம்பிக்கென்று புது இலவம்பஞ்சு அடைத்துத் தைத்து வைத்திருந்த மெத்தை, பாய்க்குள் சுருட்டியபடி சுவரில் சாய்ந்துகொண்டு அவரையே பார்த்ததாம்.

காட்டேஜ் இருக்கத்தான் செய்தது. தோப்பும்படி என்ற ஊருக்கும் அப்பால், காயல் கரையில், ஒரு காலத்தில் வெள்ளைக்கார வியாபாரி கட்டிய ஓட்டு வீடு. சுற்றிலும் தென்னை. கூப்பிடு தூரத்தில் ஆள் கிடையாது. அங்கே தவளைகூட யோசித்துத்தான் கத்தும். அதை ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் வாஞ்சிநாதன் பரமசுகமாகத் தூங்கியிருப்பார். ஆனால் ஒன்றும் செய்யாமலிருப்பது எந்த ஆபீஸுக்கும் கொடுக்கப்பட்ட அதிகாரத்தில் அடங்காது.

ஆபீசர் வெங்கிடேஸ்வரன் அப்போதுதான் டில்லியில் பயிற்சி முடித்து வந்திருந்தார். அவர் எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டார்: "விருந்தினர் அமைதி கேட்கிறார். மேற்படி இடத்தில் அமைதி நிலவுகிறது என்று எந்த ஆதாரத்தில் பதில் அளிப்பது?"

அப்போது யாரோ ஒருத்தர் சொன்னார்: "நேரில் போய்ப் பரிசோதிக்கலாமே, சார்."

பரிசோதனைக் குழு வேனில் கிளம்பியது. பியூன் பாலையா ஸ்டூல்களையும் பிளாஸ்க்குகளையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினான். திரும்பி வந்து எழுதிய அறிக்கையின் சாரம் இது: ஸ்தலத்தில் சப்தம் கேட்கப்பட்டது. அது பரிசோதனைக் குழுவினுடையது என்று ஊகிக்கப்படுகிறது. குழு வெளியேறிய பின் சப்தம் நின்றதா என்பதை உறுதிசெய்ய இயலவில்லை. ஏனெனில் அப்போது ஸ்தலத்தில் யாரும் இல்லை.

"அப்படியானால் நிரந்தரமாக ஒருவர் அங்கே இருந்து கவனிக்கவேண்டும்" என்றார் வெங்கிடேஸ்வரன். ராக்கப்பன் என்ற காவல்காரன் நியமிக்கப்பட்டான்.

"சப்தம் கேட்டால் என்ன செய்வாய்?"

"வந்து பறைவேன், சாரே."

"கேட்காவிட்டால்?"

"சும்மா இருப்பேன்."

"நீ சும்மா இருந்தால், சப்தம் இல்லாமல் சும்மா இருக்கிறாயா, தூங்குகிறாயா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ராக்கப்பன் தலையைச் சொறிந்தான். அப்போதும் யாரோ ஒருத்தர்தான் உதவிக்கு வந்தார். "அவன் மணிக்கு மணி 'சப்தம் இல்லை' என்று கூவட்டும், சார். காயலின் அந்தக் கோடியில் இன்னொருவனை நிறுத்தினால், கேட்டேன் என்று பதில் கூவுவான். ஒருவனை ஒருவன் தணிக்கை செய்தாற்போலவும் ஆகும்."

ஆபீசருக்குத் தணிக்கை என்ற சொல் மிகவும் பிடிக்கும். உத்தரவாயிற்று. அன்று மாலை காப்பியில் அரைச் சர்க்கரை விழுந்திருந்தது. இதையும் ராமபத்ரன் ஒவ்வொரு தடவையும் கதையோடு கதையாகச் சொல்வார். வீட்டு விஷயம்தானே என்று நாங்கள் அதைக் காதில் வாங்கியதில்லை.

அடுத்தது காக்கைகள். விடியற்காலையில் தென்னைகளில் கூடுகின்றன என்று ராக்கப்பன் வந்து பறைந்தான். யாரோ ஒருத்தர், கோயில் உற்சவங்களுக்குக் கதினா வெடி வைக்கிறவன் உற்சவமில்லாத மாசங்களில் சும்மாதான் இருக்கிறான் என்று நினைவுபடுத்தினார்.

"வெடியும் சப்தமல்லவா?" என்றார் வெங்கிடேஸ்வரன். அவர் அசடல்ல.

"வெடி ஒரு நொடி, சார். காக்கை பகல் முழுக்க. கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் நிசப்தம்தான்."

ஆபீசர் மனதுக்குள் கூட்டிக் கழித்தார். மிச்சம் வந்தது. உத்தரவாயிற்று.

கடைசியில், இவ்வளவு சிரமப்பட்டு நிலைநாட்டிய நிசப்தத்தைத் தொடங்கிவைக்காமல் எப்படி விடுவது என்ற கேள்வி எழுந்தது. எழுப்பியதும் யாரோ ஒருத்தர்தான். தேதி விருந்தினர் வரும் நாள் என்று குறிக்கப்பட்டது. செண்டைக்காரர்கள், ஒலிபெருக்கி, பந்தல் எல்லாவற்றுக்கும் அனுமதி கிடைத்தது. அன்று வீட்டில் காப்பி பாயசமாக இருந்தது.

வாஞ்சிநாதன் ஹார்பர் டெர்மினஸில் ரயிலை விட்டு இறங்கினார். அனந்தலக்ஷ்மி பிளாஸ்க்கில் காப்பியோடு நின்றிருந்தாள். அவள் இரண்டடி எடுத்து வைப்பதற்குள் சௌகரிய அலுவலகம் மாலையோடு முந்திக்கொண்டது.

"இவன் இந்த ஊர்க்காரன், சார். அந்தச் சந்துலேயே பிறந்தவன்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

"பிறந்தது இங்கே இருக்கலாம், அம்மா. வந்தது வெளிநாட்டிலிருந்து. எங்களுக்கு வந்ததுதான் கணக்கு" என்றார் வெங்கிடேஸ்வரன்.

"நாளைக்கு வரேன்க்கா" என்று வேனுக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்டது.

தொடக்க விழாவில் செண்டைமேளம் நாலு காலமும் ஏறி இறங்கியது. பிறகு வெங்கிடேஸ்வரன் மௌனத்தின் மகிமையைப் பற்றி ஒலிபெருக்கியில் பேசினார். சுருக்கமாகப் பேசுவதாகச் சொல்லித்தான் ஆரம்பித்தார். கூட்டம் கலைந்து விளக்கணைந்ததும் ராக்கப்பன், "சப்தம் இல்லேய்" என்று நீட்டினான். காயலின் கோடியிலிருந்து "கேட்டேனேய்" என்று பதில் வந்தது. இரவு முழுக்கக் கடமை தவறாமல் இருவரும் ஒருவரையொருவர் தணிக்கை செய்தார்கள். விடியலில் கதினா வெடித்தது. காக்கைகள் பறந்தன, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என்ன நடந்தது என்று ஒன்றையொன்று கேட்டபடி திரும்பி வந்து உட்கார்ந்தன.

காலையில் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்கள் பஸ்ஸில் வந்து இறங்கின. மலேயாக்காரரைப் பார்த்தாற்போலவும் ஆயிற்று, ரெஸ்ட் எடுத்தாற்போலவும் ஆயிற்று என்று தயிர்சாத மூட்டையும் குழந்தைகளுமாக வந்திருந்தார்கள். குழந்தைகள் ரெஸ்ட் எடுத்ததில் இரண்டு ஜன்னல் கண்ணாடி போயிற்று.

ஆபீசர் குசலம் விசாரிக்க வந்தபோது வாஞ்சிநாதனின் கண்கள் கோவைப்பழமாக இருந்தன.

"சார், நான் பொட்டுத் தூக்கம் தூங்கலை."

"என்ன காரணம்?"

"சப்தம்."

"சப்தம் இல்லை என்று இரவு முழுக்க அறிவிக்கப்பட்டிருக்கிறதே."

"அந்தச் சப்தம்தான், சார்."

"அது சப்தமல்ல, மிஸ்டர் வாஞ்சிநாதன். சப்தமின்மையின் பிரகடனம்."

"எதுவானாலும் சரி. நான் இங்கேர்ந்து போயிடறேன்."

"தாராளமாக. ஆனால் விருந்தினர் இடையில் வெளியேறினால் நாங்கள் காரணம் சொல்லியாகவேண்டும். சப்தம் என்ற காரணம் சர்க்கார் நிலைக்கு முரணானது. தங்கள் காதில் கோளாறு என்று டாக்டர் சொன்னால் பரிசீலிக்கலாம்."

வாஞ்சிநாதன் காதைக் கொடுக்க விரும்பவில்லை. "அக்கா ஆத்துல போய் ஒரு வாய் காப்பி குடிச்சுட்டு வரலாமா?"

"உறவினரைப் பார்ப்பதற்குத் தடையில்லை."

சாயங்காலம் அவர் சுக்கு வாசனை அடிக்கும் படிகளில் ஏறி வந்து காப்பியைக் குடித்தார். அனந்தலக்ஷ்மி மெத்தையைப் பாயிலிருந்து பிரித்து ஜன்னலோரம் போட்டாள். கீழே ஒரு லோடு இறங்க ஆரம்பித்தது. சுமட்டுக்காரர்களின் பாட்டு எழும்பியது. அவள் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதேக்கா" என்றார் வாஞ்சிநாதன், பாதித் தூக்கத்தில். "இன்னும் அதே பாட்டுத்தானா?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ராமபத்ரன் ஆபீஸ் விட்டு வந்தபோது, சந்தில் ஒரு லாரிக்காரனும் இரண்டு கைவண்டிக்காரர்களும் யார் பின்னால் போவது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். வீடே அதிர்ந்தது. அனந்தலக்ஷ்மி மெத்தைக்குப் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். கணவனின் செருப்புச் சத்தம் கேட்டதும் உதட்டில் விரலை வைத்து, "மெதுவா வாங்கோ. குழந்தை தூங்கறான்" என்றாள். குழந்தைக்கு நாற்பது தாண்டி, முன்தலை வழுக்கை.

குழந்தை மறுநாள் காலைக் காப்பிக்குத்தான் எழுந்தது. அதன் பிறகு மலேயா திரும்பும்வரை அந்த மெத்தையை விட்டு வேறெங்கும் படுக்கவில்லை. அனந்தலக்ஷ்மி சந்தில் நடந்த நடையைப் பற்றி ராமபத்ரன் தனியாக ஒரு கதை சொல்வார்.

காட்டேஜில் விருந்தினர் இல்லை என்பதை அலுவலகம் கவனிக்கவில்லை. அறையிலிருந்தும் சப்தம் இல்லை என்று ராக்கப்பன் கூடுதலாகக் கூவியதுதான் மிச்சம். மூச்சுவிடும் ஒலிகூட வெளியே கேளாதபடி ஒரு வெளிநாட்டவரை உறங்கவைத்ததற்காக வெங்கிடேஸ்வரனுக்கு மேலிடத்துப் பாராட்டும் பதவி உயர்வும் வந்தன.

செய்தி பரவியது. எர்ணாகுளம் பிராட்வே துணிக்கடை முதலாளிகளிலிருந்து மட்டாஞ்சேரி மொத்த வியாபாரிகள்வரை அந்தக் காட்டேஜுக்குச் சிபாரிசு பிடித்தார்கள். போனவர்கள் விடிய விடிய ராக்கப்பனைக் கேட்டுவிட்டு, சிவந்த கண்ணோடு திரும்பி வந்து, "அடாடா, என்ன நிசப்தம்" என்றார்கள். வேறு என்ன சொல்வது? நிசப்தத்தை அனுபவிக்கத் தெரியாத பட்டிக்காட்டுக் காது என்றல்லவா ஆகிவிடும். இவர்கள் சொன்னதைக் கேட்டு அடுத்தவர்கள் போனார்கள். இந்த வரிசையில் எங்கள் தெருவும் உண்டு; அதில் என் வீடும் உண்டு.

போன வாரம் ஒருநாள் சாயங்காலம், புதிதாகக் குடிவந்த ஒருவருக்கு ராமபத்ரன் மறுபடி இந்தக் கதையைச் சொன்னார். வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்படியும் ஆபீஸ் உண்டா, சார்" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் போகவில்லை. அனந்தலக்ஷ்மி மன்னி காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மாற்றி எடுத்துவிட்டேன் போலிருக்கிறது; வாயில் வைத்தால் நாக்கில் ஒட்டும் இனிப்பு.

அந்த இனிப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் கல் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆபீசருக்குப் பேர் உண்டு. காவல்காரனுக்குப் பேர் உண்டு. ஸ்டூல் தூக்கிய பியூனுக்குக்கூட உண்டு. இத்தனை வருஷம் கதை சொல்லியும் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அவர் பேர் வைக்கவில்லை. நாங்களும் சர்க்காரைப் பார்த்துச் சிரிக்கும் மும்முரத்தில் அந்த ஆளைக் கேட்கவில்லை.

டம்ளரைக் கீழே வைத்தேன். உள்ளே மன்னியின் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அண்ணா," என்றேன், "உங்க ஆபீஸ்ல அந்த யாரோ ஒருத்தர் இருந்தாரே, அவர் தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டா, காப்பி குடிக்க எந்த ஆத்துக்குப் போவார்?"